உயிலில் எழுதாத சொத்து

திருவள்ளூர் ஜில்லாவின் வடமேற்கு மூலையில், ஆந்திர எல்லையை ஒட்டியிருக்கும் பள்ளிப்பட்டு, இருந்த இடத்தைவிட்டு அசையாமலே ராஜ்யம் மாறிய ஊர். 1953 அக்டோபர் 1-ந் தேதி ஆந்திர ராஜ்யம் பிறந்தபோது அது சென்னையைவிட்டு அங்கே போயிற்று. ம.பொ.சி. முதலியோர் நடத்திய வடக்கெல்லைக் கிளர்ச்சியும் பட்டாஸ்கர் தீர்ப்பும் சேர்ந்து, 1960 ஏப்ரல் 1-ந் தேதி திருத்தணியோடு அதைத் திரும்பக் கொணர்ந்தன. 1969-ல் ராஜ்யத்தின் பெயரே தமிழ்நாடு ஆயிற்று. 1997-ல் திருவள்ளூர் தனி ஜில்லா ஆயிற்று. 1945-ல் அங்கே பிறந்த ஒருவர் தம் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தபடியே இவ்வளவையும் கடந்திருப்பார்.

ஆனால் எந்தக் கமிஷன் தீர்ப்புக்கும் கட்டுப்படாமல் அவருடைய வீட்டுக்குள் ஒன்று வழிவழியாக வந்துகொண்டிருக்கிறது. அவர் ஆந்திர ராஜ்யத்துப் பள்ளிக்கூடத்தில் அரிச்சுவடி படித்தவராக இருக்கலாம். அவருடைய மகன் தமிழிலேயே படித்து, இன்று நாற்பதைத் தாண்டிக் குடும்பஸ்தனாக நிற்கிறான். பத்திரிகை படிப்பதும் அரசியல் பேசுவதும் அவனுக்குத் தமிழிலேதான். ஆனால் நூற்கட்டுகளை எண்ணும்போது அவன் வாயில் ‘ஒகட்டி, ரெண்டு, மூடு’ என்று தெலுங்கு எண்கள் வருகின்றன. தகப்பனார் அப்படி எண்ணக் கேட்டு வளர்ந்தவன் அவன்.

இதைவிட நுட்பமான உதாரணமும் அவ்வட்டாரத்தில் உண்டு. பள்ளிப்பட்டும் அதைச் சூழ்ந்த பொதட்டூர்பேட்டை, அம்மையார்குப்பம் முதலிய ஊர்களும் நெசவுக்குப் பேர்போனவை. விசைத்தறி ஓடும் வீட்டில் மெல்லப் பேசினால் அடுத்தவர் காதில் விழாது. ஆகவே அங்கே ஓங்கிய குரல் தொழிலின் தேவை. கோபம் அதற்குக் காரணமன்று. அப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்த பிள்ளை தறி வேண்டாமென்று கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டைக்கு வேலைக்குப் போகிறான். அவன் குடியிருக்கும் வீட்டில் தறியும் இல்லை, ஓசையும் இல்லை. என்றாலும் மனைவி மக்களோடு பேசும்போது குரல் உயர்ந்தே நிற்கிறது. அதற்குக் காரணமாயிருந்த தறியை அவனுடைய குழந்தைகள் கண்டதில்லை. அப்பா எப்போதும் கோபிக்கிறார் என்றே அவர்கள் எண்ணுகிறார்கள்.

இது ஏன் நிகழ்கிறதென்று யோசித்தால் விடை எளிது. இருபது வயதில் தகப்பனாரோடு நாம் ஒப்பிட்டுப் பார்ப்பது அபிப்பிராயங்களை. அவர் ஒரு கட்சி, நாம் ஒரு கட்சி. அவர் ஜோசியம் பார்ப்பார், நாம் பார்க்கமாட்டோம். இவ்வித்தியாசங்களைக் கண்டு நாம் வேறு மனிதர் என்று தீர்மானிக்கிறோம். நாற்பத்தைந்தில் அவர் உட்கார்ந்த நாற்காலியிலேயே நாம் வந்து உட்காருகிறோம். கடன்காரன் வாசலில் நிற்கிறான். பள்ளிக்கூடச் சம்பளம் கட்டவேண்டும். வளர்ந்த பிள்ளை இராத்திரி பத்து மணியாகியும் வீடு திரும்பவில்லை. மில்லும் பர்க்கும் கலாசாலையில் நமக்கு ஸ்வதந்திரத்தைப் போதித்தார்கள். நேரங்கழித்து வரும் மகனை எந்த முகத்தோடு எதிர்கொள்வது என்று அவர்கள் போதிக்கவில்லை. அதற்கு நாம் அருகிலிருந்து கண்ட பாடம் ஒன்றுதான். நன்மை தீமை பகுத்தறியாத பருவத்தில் கண்டது. கதவைத் திறக்கும்போது அதுவே முன்வந்து பேசுகிறது.

வக்கீல் தொழிலில் பழகிய நமக்கு இதில் ஒரு வேடிக்கை தென்படுகிறது. தகப்பன் பட்ட கடன் அதர்மமான காரியத்துக்காக அல்லவென்றால் அதை மகன் தீர்க்கவேண்டும் என்பது ஹிந்து சட்டத்தின் பழைய விதி. 2005-ம் வருஷத்து ஹிந்து வாரிசுரிமைத் திருத்தச் சட்டம், பின்னால் பட்ட கடன்களைப் பொறுத்தமட்டில் அக்கடமையை நீக்கிவிட்டது. தகப்பன் என்பதற்காக மட்டும் அவன் கடனை மகனிடம் வசூலிக்க இனிக் கோர்ட்டார் உத்தரவு தரார். அதே சட்டம் பெண்மக்களுக்கும் பூர்விகச் சொத்தில் பிறப்புரிமை தந்தது. தமிழ்நாட்டில் அவ்வுரிமை மணமாகாத பெண்களுக்கு 1989-லேயே வந்துவிட்டது. கடனிலிருந்து விடுதலை, சொத்தில் சமபாகம். சட்டம் செய்யக்கூடியதைச் செய்தாயிற்று. எவர் எழுதிய உயிலிலும் காணாத முன்கோபத்தையும் பிடிவாதத்தையும் என்ன செய்வது? பாகப்பிரிவினை வழக்கிலே அண்ணனும் தம்பியும் எதிரெதிரே நின்று, காலஞ்சென்ற தகப்பனாரின் ஒரே முகபாவத்தோடு ஒருவரையொருவர் முறைப்பதைக் கோர்ட்டில் காணாத வக்கீல் இல்லை.

பொதுவாழ்வில் ஈடுபட்டவர்கள் இதைப் பற்றி மற்றவர்களைவிட அதிகமாய்க் கவலைப்படவேண்டும் என்பது நமது அபிப்பிராயம். பெண்ணுக்குச் சமவுரிமை என்று மேடையில் முழங்கும் தொண்டர் பலரை நாம் அறிவோம். அவர்கள் கபடர்கள் அல்லர், மனமாரவே பேசுகிறார்கள். ஆனால் வீடு திரும்பியதும், மேற்படிப்புக்கு வெளியூர் போகவேண்டுமென்று மகள் கேட்டால், ‘அதெல்லாம் பிறகு பார்க்கலாம்’ என்ற பதில் பிறக்கிறது. தம்முடைய அக்காளுக்குத் தகப்பனார் சொன்ன அதே வார்த்தை, அதே தொனி. அன்று அக்காளுக்காகத் தகப்பனாரோடு சண்டையிட்டவரும் இவரே! இப்போது அந்தப் பெண்ணுக்காகச் சண்டையிட வீட்டில் யார் இருக்கிறார்கள்?

இவ்விஷயத்தில் காந்தியடிகளின் குடும்பத்தைக் கவனித்தல் தகும். தம் வீட்டுக் கதையை அவரைப்போல் மறைக்காமல் எழுதிவைத்த தலைவர் அரியர். தாயார் புத்லிபாயைப் பற்றி அவர் சுயசரிதையில் சொல்லியிருப்பது பலர் அறிந்தது. சாதுர்மாஸ்ய காலத்தில் சூரியனைக் காணாமல் உண்பதில்லை என்று அம்மையார் விரதம் பூண்டிருப்பார். பிள்ளைகள் மழைமேகத்தைப் பார்த்தபடி நின்று, சூரியன் தலைகாட்டியதும் ஓடிச் சொல்வார்கள். அவர் வெளியே வருவதற்குள் சூரியன் மறைந்துவிட்டால் முகம் கோணாமல் உள்ளே திரும்பிவிடுவார். 1891-ல் மகன் சீமையிலிருந்து திரும்பியபோது தாயார் உயிரோடில்லை. அந்த மகன்தான் 1948 ஜனவரி 13-ந் தேதி, 78-ம் வயதில், டில்லியில் ஹிந்து முஸ்லிம் ஒற்றுமைக்காக உணவை மறுத்துப் படுத்தார். 18-ந் தேதியே உபவாசத்தை முடித்தார். நமக்கு அதில் மேகத்தைப் பார்த்து நின்ற சிறுவனே தெரிகிறான்.

தந்தை கரம்சந்தைச் சத்தியவான், தைரியசாலி, உதாரகுணமுடையவர், ஆனால் முன்கோபி என்று அவர் எழுதுகிறார். டர்பனில் 1898 வாக்கில் கஸ்தூரிபாயைக் கையைப் பிடித்து வெளிவாசல்வரை இழுத்துச் சென்ற சம்பவத்தையும் அதே நூலில் எழுதுகிறார். தாயின் விரதமும் தந்தையின் கோபமும் ஒரே மனிதரிடம் வந்து சேர்ந்தன. ஒன்றை அவர் வளர்த்தார். மற்றதைப் பகிரங்கப்படுத்தி ஆயுள்முழுதும் அடக்கப் பார்த்தார்.

அவருடைய மூத்த புதல்வர் ஹரிலாலின் சரித்திரம் இன்னும் சிந்திக்கத்தக்கது. தென்னாப்பிரிக்கச் சத்தியாக்கிரகத்தில் பலமுறை சிறைசென்று ‘சின்ன காந்தி’ என்று பெயர் வாங்கியவர் அவர். தந்தையைப்போல் சீமைக்குப் போய்ப் பாரிஸ்டராக விரும்பினார். தந்தை இசையவில்லை. 1911-ல் வீட்டைவிட்டு வெளியேறினார். 1915-ல் தமது மனத்தாங்கல்களையெல்லாம் தந்தைக்கு ஒரு நீண்ட கடிதமாக எழுதி, அதை அச்சிடவும் செய்தார். தமக்கு நியாயமென்று பட்டதற்காகச் சிறைக்கஞ்சாமை, வீட்டு வழக்கை நாலு பேர் அறிய அச்சிலேற்றும் துணிவு: இவை யாரிடம் கற்றவை? தந்தையை எதிர்க்க அவர் எடுத்த ஆயுதம் ஒவ்வொன்றும் தந்தையுடையதே. குடியில் உடல் தேய்ந்து, 1948 ஜூன் மாதத்தில் அவர் பம்பாயில் இறந்தார். தந்தை மறைந்து ஐந்து மாதம் நிறையவில்லை.