தேள் வடிவப் பச்சை: உருவும் முறையும் தேர்தல்

உடலில் ஊசியால் குத்தி எழுதும் ஓவியத்துக்குத் தமிழர் இட்ட பெயர் பச்சை. ஆனால், பண்டு குத்திய மை பச்சை நிறமுடையதன்று. அது விளக்குக் கரியே ஆகும். கரிய மை பச்சையாகத் தோன்றுவது எங்ஙனம்? மையின் துகள்கள் மேல்தோலில் தங்குவதில்லை. அதற்கும் கீழே உள்ள உட்தோலில் தங்குகின்றன. தோலின் மீது விழும் ஒளியில் சிவப்புக் கதிர்கள் ஆழச் சென்று கரியால் விழுங்கப்படுகின்றன. நீலக் கதிர்களோ பாதி வழியிலேயே சிதறித் திரும்பிக் கண்ணை வந்தடைகின்றன. ஆகவே கருமையானது நீலம் கலந்த பசுமையாகக் காட்சியளிக்கிறது. கண்ணுக்குப் பட்டதைக் கொண்டே நம் முன்னோர் பெயரிட்டனர்.

இவ்வெழுத்து எளிதில் அழிவதன்று. துகள்களை உட்தோலின் உயிரணுக்கள் சில விழுங்கி வைத்துக்கொள்கின்றன. அவ்வணுக்கள் மடியும்போது வெளிப்படும் துகள்களைப் புதிய அணுக்கள் மீண்டும் விழுங்கிக்கொள்கின்றன என்பதைப் பிரெஞ்சு அறிவியலார் 2018ஆம் ஆண்டில் எலிகளில் ஆராய்ந்து வெளியிட்டனர். வாழ்நாள் முழுதும் உடனிருக்கப் போவதொன்றை எண்ணித் துணிவதே முறை. இன்றைய இளைஞர் விரும்பிக் கேட்கும் உருவங்களுள் தேளும் ஒன்று. கடைச் சுவரில் உள்ள படமொன்றைச் சுட்டிக்காட்டுவதோடு வேலை முடிந்தது எனக் கருதுவோர் பலர். எந்தத் தேள், எம்முறையில், எவ்வளவில், எவ்விடத்தில் என்னும் நான்கு வினாக்களுக்கும் விடை கண்ட பின்னரே ஊசியை நாடுதல் வேண்டும்.

பாட்டியர் கையில் இருந்த தேள்

தேள் வடிவம் தமிழர்க்குப் புதியதன்று. சென்னை அரசினர் அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராயிருந்த எட்கர் தர்ஸ்டன், 1906ஆம் ஆண்டில் வெளிவந்த தம் நூலில், தென்னிந்தியப் பச்சைகளைப் பற்றி விரிவாக எழுதியுள்ளார். தேள், பறவை, மீன், மலர் முதலியவை அக்காலத்தில் பெருவழக்காயிருந்த உருவங்கள் என்பது அவர் தரும் செய்தி. மஞ்சள்தூளையும் அகத்திக் கீரையையும் அரைத்துத் துணியில் தடவித் திரியாகத் திரிப்பர். ஆமணக்கெண்ணெயில் அதனை எரித்துப் புதுச்சட்டியைக் கவிழ்த்துக் கரி பிடிப்பர். அக்கரியைத் தாய்ப்பாலிலோ நீரிலோ குழைப்பர். சில ஊசிகளைச் சேர்த்துக் கட்டிய கட்டே கருவி. குறத்தியர் பாடிக்கொண்டே குத்தினர்; பாட்டு, வலியை மறக்கச் செய்தது.

மலாயாவின் தோட்டங்களுக்கு வந்து குடியேறிய பெண்களுள் பலர் இத்தகைய கோலங்களை முன்கையில் தாங்கி வந்தனர். அவர்கள் மறைந்தபோது அக்கோலங்களும் அவர்களோடு மறைந்தன. தாளில் எழுதி வைத்தார் மிகச் சிலரே.

இம்மரபில் தேள் உயிருள்ள தேளைப் போல் இராது. புள்ளிகளாலும் கோடுகளாலும் ஆகிய, வாசலில் இடும் கோலத்துக்கு உறவான வடிவம் அது. உடலுக்கு ஒரு நேர்கோடு, கால்களுக்குச் சிறு கோடுகள், வாலுக்கு ஒரு வளைவு ஆகியவை போதும். தேளுருவைத் தாங்கியவரைத் தேள் தீண்டாது என்னும் நம்பிக்கை இந்தியாவின் பல பகுதிகளில் இருந்தது. குஜராத்தில் ஆடு, ஒட்டகம் மேய்க்கும் ரபாரி மகளிரின் பச்சைகளிலும் தேளுக்கு இடமுண்டு.

சரவாக்கின் தேள்

மலேசியாவிலேயே தேளுக்கு மற்றொரு பெருமரபு உண்டு. அது சரவாக் மாநிலத்து இபான் மக்களுடையது. அவர்கள் அவ்வடிவத்தைக் காலா என்பர். மலாய்மொழியிலும் தேளுக்குக் காலா ஜெங்கிங் என்றே பெயர். காலத்தைக் குறிக்கும் காலா வடமொழி வழி வந்த வேறு சொல். இரண்டையும் ஒன்றெனக் கொள்ளுதல் ஆகாது.

இந்தத் தேளின் பிறப்பு வியப்புக்குரியது. சார்லஸ் ஹோஸ், வில்லியம் மக்டூகல் ஆகிய இருவரும் 1912இல் வெளியிட்ட போர்னியோ மக்களைப் பற்றிய நூலில், கயான் இனத்தாரின் நாய் வடிவம் இபானியர் கைக்கு வந்து தேளாக மாறியது என்னும் கருத்தைத் தெரிவித்துள்ளனர். மரக்கட்டையில் உருவைச் செதுக்கி, மை பூசித் தோலில் ஒற்றிய பின்னரே குத்துவது அங்கு வழக்கம். ஓர் இனத்தாரின் அச்சை மற்றோர் இனத்தார் கண்டு செதுக்கும்போது வளைவுகள் திரிந்தன. நாயின் பல்லும் தாடையும், அதனை நாயென அறியாதவர் கண்ணுக்குக் கொடுக்காகத் தோன்றியிருத்தல் கூடும். சொல் ஒரு மொழியிலிருந்து மற்றொரு மொழிக்குச் செல்லும்போது ஒலியும் பொருளும் திரிவதைத் தமிழாசிரியர் அறிவர். வடிவத்துக்கும் அவ்விதி பொருந்துகிறது.

ஆயினும் இபானியப் பச்சைகள் வெறும் அழகுக்காக எழுந்தவையல்ல. தோள்களின் முன்புறத்தில் குத்தும் புங்காய் தெருங் என்னும் கத்தரிப்பூ, வீட்டை விட்டுப் புறப்பட்டு உலகறியச் செல்லும் இளைஞனின் அடையாளம். பின்னர்க் குத்தும் ஒவ்வொன்றும் அவன் சென்று வந்த இடத்தையும் செய்து முடித்த செயலையும் சொல்வது. அவ்வழி நடவாத ஒருவர் அவ்வடிவங்களை அப்படியே எடுத்துக்கொள்வது, பெறாத பட்டத்தைப் பெயருக்குப் பின்னால் எழுதிக்கொள்வதற்கு ஒப்பாகும். விரும்புவோர் அம்மரபில் வந்த கலைஞரையே நாடிப் பொருள் கேட்டு, அவர் தகும் என்பதை ஏற்பது சால்புடைத்து.

எந்தத் தேள்?

இயற்கையைப் போலவே எழுத விரும்புவோர் முதலில் உறுப்புகளை அறிதல் வேண்டும். தேள் பூச்சியினத்தைச் சேர்ந்ததன்று, சிலந்திக்கு உறவானது. அதற்குக் கால்கள் எட்டு. முன்னே நீண்டிருக்கும் இடுக்கிகள் கால்களல்ல, அவை வேறு. பூச்சியைப் போல் ஆறு கால்களோடு வரைந்த தேள்களும், இடுக்கிகளைக் கால்களாக எண்ணியதால் மூன்று இணைக் கால்களே பெற்ற தேள்களும் பலர் உடலில் என்றும் மாறாமல் இருக்கின்றன. வாலில் கணுக்கள் ஐந்து. அவற்றின் இறுதியில் நஞ்சுப்பையும் வளைந்த கொடுக்கும் அமைந்துள்ளன.

இடுக்கியும் வாலும் தேளின் இயல்பைச் சொல்லும். மலேசியக் காடுகளில் வாழும் பெரிய கருந்தேளுக்கு இடுக்கிகள் தடித்தவை, வால் மெலிந்தது. அது இரையை நசுக்கியே பெரும்பாலும் அடக்கிவிடும். அதன் நஞ்சு அத்துணைக் கொடியதன்று. இந்தியச் செந்தேளுக்கோ இடுக்கிகள் மெலிந்தவை. அளவிற் சிறிதாயினும் அதன் நஞ்சு உயிரைப் போக்க வல்லது. தமுலஸ் என்னும் அதன் அறிவியற்பெயர் தமிழை நினைவூட்டுவது. 1798இல் பப்ரீசியஸ் என்னும் அறிஞர் இட்டது. பெருத்த இடுக்கிகளை வரைந்து கொடிய நஞ்சைக் காட்டிவிட்டதாக எண்ணுவோர் இவ்வேறுபாட்டை நினைவிற் கொள்க.

வேறு சிலர் விருச்சிக இராசிக்காகத் தேளை விரும்புவர். அவர்க்கு முழு உருவும் வேண்டுவதில்லை. வளைந்த வாலாகத் தோன்றும் விண்மீன் வரிசையும், அதன் நெஞ்சில் செந்நிறமாக ஒளிரும் கேட்டையுமே அழகிய உருவாகும்.

முறையும் அளவும்

முறைகளைப் பொதுவாக மூன்றாக வகுக்கலாம். கோட்டுமுறை, கோலத்தைப் போன்றது. நிழலுருமுறை, இபானியர் காலாவைப் போல் உருவம் முழுதும் மையால் நிரப்பி, இடைவெளியில் தோலின் நிறத்தையே கோடாக விடுவது. இயற்கைமுறை, ஒளியும் நிழலும் காட்டி உயிருள்ளதுபோல் எழுதுவது.

இவற்றுள் தேர்வதற்குக் காலமே அளவுகோல். ஆண்டுகள் செல்லச் செல்ல மை சிறிது பரவும், கோடுகள் தடிக்கும். கட்டைவிரல் நகத்தளவில் எழுதிய இயற்கைமுறைத் தேளின் எட்டுக் கால்களும் இருபதாண்டுக்குப் பின் ஒரே கறையாகத் தோன்றலாம். சிறிய இடத்துக்குக் கோட்டுமுறையும், நடுத்தர இடத்துக்கு நிழலுருவும், உள்ளங்கையினும் பெரிய இடத்துக்கே இயற்கைமுறையும் ஏற்றவை. கருநிறத் தோலில் மெல்லிய சாம்பல் நிழல்கள் நன்கு புலப்படா. அழுத்தமான கருங்கோடே எடுத்துக்காட்டும். நம் பாட்டியர் கோலங்கள் நெடுநாள் தெளிவாயிருந்தமைக்கு இதுவும் ஒரு காரணம்.

இடமும் நலமும்

தேள் நீண்ட உருவம். முன்கை, கெண்டைக்கால், தோள்பட்டை ஆகிய நீண்ட அல்லது அகன்ற இடங்களில் அது இயல்பாக அமையும். முழங்கை முதலிய மூட்டுகளில் எழுதினால் கை மடங்குந்தோறும் வால் ஒடியும். விரல்களில் மை விரைவில் மங்கும். தாளில் வரைந்து உரிய இடத்தில் ஒட்டி, கையை நீட்டியும் மடக்கியும் கண்ணாடியில் பார்ப்பது நன்று.

தூய்மையற்ற ஊசியால் கல்லீரல் அழற்சி நோய்கள் பரவும். ஒவ்வொருவர்க்கும் புதிய ஊசியும் புதிய மைக்கிண்ணமும் வேண்டும் என வற்புறுத்துவதில் கூச்சம் தேவையில்லை. நிற மைகளுள் செம்மையே ஒவ்வாமையை மிகுதியாகத் தருவது. ஐரோப்பிய ஒன்றியம் 2022 சனவரியில் பச்சை மைகளிலுள்ள பல்லாயிரம் வேதிப்பொருள்களுக்குக் கட்டுப்பாடு விதித்தது. காயம் ஆறியபின் தழும்பு தடித்து எழும் உடல்வாகு உடையவர், மருத்துவரைக் கேளாது தொடங்குதல் ஆகாது.

இவ்வளவும் ஆராய்ந்தபின் எஞ்சுவது ஒரு வினா. பிற்காலத்தில் பேரக்குழந்தை கையைத் தொட்டு, இது ஏன் இங்கே இருக்கிறது என்று கேட்டால் என்ன விடை கூறுவது? அக்காலப் பாட்டியிடம் அதற்கு விடை இருந்தது. இபானிய முதியவரிடமும் இருக்கிறது. விடை கிடைக்கும்வரை காத்திருப்பதால் இழப்பு ஒன்றுமில்லை. அதற்கிடையில், பழைய கோலம் தாங்கிய மூதாட்டியர் எவரேனும் குடும்பத்தில் இருப்பின், அவர் கையிலுள்ளதை ஒரு தாளில் வரைந்து, அதன் பெயரையும் கேட்டு எழுதி வைத்தல் கடமையாகும். தேர்வதற்குரிய உருவம் அங்கேயே இருத்தலும் கூடும்.