மரப்பட்டையில் படரும் பாசி நோயாகுமா?

மாந்தோப்புகளிலும் சாலையோரப் புளியமரங்களிலும் பட்டையின்மேல் தேமல் போலச் சாம்பல் நிறத் திட்டுக்கள் படர்ந்திருப்பதை யாவரும் கண்டிருப்பர். குடியானவர்களிற் பலர் இதனை மரத்தைப் பிடித்த நோயென்றே கருதுகின்றனர். இரண்டாண்டுகளுக்கு முன் ஒரு மிராசுதார், தம் பாட்டனார் வைத்த பன்னிரண்டு மாமரங்களை இக்காரணத்தால் வெட்டிவிடத் துணிந்து, விறகு வியாபாரியிடம் விலையும் பேசிவிட்டார். அவருக்குக் கூறியதையே இங்கு எழுதுகிறோம்.

இத்திட்டுக்களுக்கு லைக்கன் என்று பெயர். நம் சமையலில் வாசனைக்குச் சேர்க்கும் கல்பாசியும் இவ்வினத்ததே. இது தனியொரு செடியன்று. பூசணமும் பாசியும் கூடி நடத்தும் குடித்தனமாகும். பூசணம் இடமும் ஈரமும் அளிக்க, பாசி சூரிய வெளிச்சத்தைக்கொண்டு உணவு ஆக்குகின்றது. ஸ்விட்ஸர்லாந்து தேசத்துத் தாவர சாஸ்திரியான ஷ்வெண்டனர் 1867-ம் ஆண்டில் இவ்வுண்மையை வெளியிட்டபோது, சாஸ்திரிகளிற் பலர் அதனை ஒப்பவில்லை.

லைக்கனுக்கு வேர் கிடையாது. மழை, பனி, காற்றில் வரும் தூசி ஆகியவற்றாலேயே அது பிழைக்கின்றது. புல்லுருவியோ மரத்தினுள் உறிஞ்சுவேர் செலுத்திச் சாரத்தைக் குடிப்பது. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்ளலாகாது.

அங்ஙனமாயின் நலிந்த மரத்தில் லைக்கன் மிகுந்திருப்பது ஏன்? இலை குறைந்த மரத்தின் பட்டையில் வெயில் நன்கு விழுகின்றது. ஆகவே லைக்கன் தழைக்கின்றது. அது நலிவின் அடையாளமாகலாம், காரணமன்று. மேற்சொன்ன தோப்பில் வேரடியைத் தோண்டிப் பார்த்தோம். வாய்க்கால் கரை உடைந்து கசிந்த நீர் அங்கே தேங்கியிருந்தது. கரையை அடைத்து, வடிகால் வெட்டி, பட்ட கொப்புகளைக் கழித்தபின் ஒன்பது மரங்கள் துளிர்த்தன. மூன்று மரங்களுக்குக் காலம் கடந்துவிட்டது.

லைக்கனால் விளையும் நன்மைகளும் உள. வெறும் பாறையில் முதலிற் குடியேறி, தன் புளிப்புச் சத்தால் கல்லைச் சிறிது சிறிதாகக் கரைத்து மண்ணாக்குகின்றது. நீலப்பச்சைப் பாசியுடன் கூடிய வகைகள் காற்றிலுள்ள தழைச்சத்தைக் கவர்ந்து மண்ணிற் சேர்க்கின்றன. புளிப்பைச் சோதிக்கும் லிட்மஸ் சாயமும் ஆதியில் லைக்கனிலிருந்தே எடுக்கப்பட்டது. புகை மிகுந்த பட்டணங்களில் பெரும்பாலான வகைகள் வாழா. 1866-ம் ஆண்டிலேயே நைலாண்டர் என்னும் சாஸ்திரி பாரிஸ் நகரில் இதனைக் கண்டு எழுதினார். ஆகவே தோப்பில் லைக்கன் செழித்திருப்பது அங்குள்ள காற்று தூயதென்பதற்குச் சாட்சியாகும்.

ஆதலின் குடியானவர்கள் கவனிக்க வேண்டியவை:

1. லைக்கனைக் கத்தியாற் சுரண்டலாகாது. பட்டை காயப்பட்டால் உண்மையான நோய் அவ்வழியே புகும்.

2. அதற்கென மருந்து தெளித்துப் பணத்தை வீணாக்க வேண்டுவதில்லை.

3. மரம் நலிந்திருப்பின் வேரடி, வடிகால், எரு ஆகியவற்றைச் சோதிக்கவும்.

4. புல்லுருவி காணின், அது பற்றிய கிளையோடு வெட்டி நீக்கவும்.

கிராம அதிகாரிகளும் சாலை மரத்தைப் பட்ட மரமென்று எழுதுமுன், பல கிளைகளிலும் அடிமரத்திலும் பட்டையை நகத்தளவு கீறிப் பார்ப்பாராக. உள்ளே பச்சையும் ஈரமும் இருப்பின் மரம் உயிரோடிருக்கின்றது. மேலே படர்ந்த பாசியைக் கண்டு, பல தலைமுறைக்கு நிழலும் பலனும் தந்த மரத்தைக் கோடரிக்கு ஒப்புவித்தல் தகாது.