பானை செய்யவும் பட்டப்படிப்பா?

பெங்களூரு ரிச்சர்ட்ஸ் டவுனில் வசிக்கும் வாடிக்கையாளர் ஒருவர் கல்விக் கடன் குறித்து விசாரிக்க வந்தார். அவருடைய மகள் சென்னை அரசு கவின் கலைக் கல்லூரியில் செராமிக் பிரிவில் சேர விரும்புகிறார். தந்தைக்கோ தயக்கம். “பக்கத்திலேயே பாட்டரி டவுன் இருக்கிறது, சார். தலைமுறை தலைமுறையாகச் சக்கரம் சுற்றுகிறார்கள். அதைக் கற்க நான்கு ஆண்டுகளா? அதற்குக் கடன் வேறா?”

நியாயமான கேள்வி. வணிகவியல் படித்த எனக்கு உடனே விடை தெரியவில்லை. பின்னர் தேடித் தெரிந்துகொண்டதை இங்கே பகிர்கிறேன்.

வேறுபாடு வெப்பத்தில் தொடங்குகிறது. அகல் விளக்கும் பானையும் விறகுச் சூளையில் ஏறத்தாழ 700 முதல் 900 டிகிரி செல்சியஸில் வெந்துவிடும். அவற்றின் நுண்துளைகள் வழியே நீர் கசியும். பானைத் தண்ணீர் குளிர்வதும் அதனால்தான். நீர் கசியாத ஸ்டோன்வேர் கோப்பைக்கு 1200 டிகிரிக்கு மேல் வேண்டும். அப்போது களிமண்ணின் ஒரு பகுதி உருகிக் கண்ணாடியாகித் துளைகளை அடைக்கிறது. மேலே பூசும் ‘கிளேஸ்’ என்பதும் கண்ணாடியே. அதில் சிலிக்கா, அதை எளிதில் உருகச் செய்யும் பொருள், உருகியது வழிந்தோடாமல் பிடித்து நிறுத்தும் அலுமினா ஆகியவை உண்டு. விகிதம் பிசகினால் பூச்சு வழிந்து சூளைத் தட்டில் ஒட்டிக்கொள்ளும். அல்லது நுண்விரிசல் விடும். 573 டிகிரியில் குவார்ட்ஸ் திடீரென விரியும். ஆறும்போது அதே இடத்தில் சுருங்கும். அவசரமாக ஆறவைத்தால் பாண்டம் வெடித்துவிடும். எனவே மாணவர் ஒவ்வொரு சோதனைத் துண்டுக்கும் எடை, விகிதம், வெப்பம் ஆகியவற்றைக் குறிப்பேட்டில் எழுதியாக வேண்டும். (நமது பேரேடு நினைவுக்கு வருகிறது!)

இக்கல்லூரி 1850-இல் மருத்துவர் அலெக்சாண்டர் ஹன்ட்டர் தொடங்கிய கலைப்பள்ளியின் தொடர்ச்சி. அன்றாடப் பயன்பாட்டுப் பொருள்களின் தரத்தை உயர்த்துவதும் அப்பள்ளியின் நோக்கமாக இருந்தது. ஆயினும் பாட்டரி டவுன் பெரியவர்களின் கைப்பக்குவம் எந்தப் பாடத்திட்டத்திலும் அடங்காது. விடுமுறையில் மகள் அங்கும் சென்று அமரட்டும் என்றேன்.

இனி, கடன். பொதுவாக அங்கீகரிக்கப்பட்ட பட்டம், பட்டயப் படிப்புகளுக்கே கல்விக் கடன் உண்டு. புதுச்சேரியில் 1971 முதல் இயங்கும் கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி போன்ற புகழ்பெற்ற பட்டறைகளில் பயில்வதற்கு அது எளிதில் பொருந்தாது. கட்டணம், விடுதிச் செலவு, நூல்கள், படிப்புக்கான கருவிகள் ஆகியவற்றைக் கணக்கில் சேர்க்கலாம். 4 லட்சம் ரூபாய் வரை உங்கள் பங்குத் தொகை தேவையில்லை. பெற்றோர் இணைக் கடனாளியாகக் கையொப்பமிட வேண்டும். படிப்பு முடிந்து ஓராண்டுக்குப் பிறகே தவணை தொடங்கும். வட்டி மட்டும் முதல் நாளிலிருந்தே ஏறும். அதைப் படிக்கும்போதே செலுத்தி வருவது நல்லது.

படித்து முடித்தபின் சொந்தமாகச் சூளை அமைக்கும் செலவையும் அவர் இதிலேயே சேர்த்திருந்தார். அது தொழில் கடன். முத்ரா திட்டத்தில் தனியே கேட்க வேண்டியது. அதை நீக்கிக் கூட்டினோம். அரசுக் கல்லூரிக் கட்டணம் குறைவு என்பதால், அவர் அஞ்சிய தொகையில் பாதிகூட வரவில்லை. சேர்க்கைக் கடிதம் கிடைத்ததும் மகளையும் அழைத்து வரச் சொல்லியிருக்கிறேன்.