பாடம் தொடங்குமுன் ஒரு கணக்கு

கொழும்பில் ஆரம்ப வகுப்புகளுக்குக் கணிதம் படிப்பிக்கும் எனக்குப் பழகிப்போன கேள்வி ஒன்று உண்டு: "டீச்சர், இது கூட்டுறதா, கழிக்கிறதா?" வெள்ளவத்தைப் பிள்ளையும் கேட்கும், கொட்டாஞ்சேனைப் பிள்ளையும் கேட்கும். கணக்கை வாசித்து முடிக்கும் முன்பே கேட்டுவிடும். தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையை நோக்கிய ஓட்டத்தில், 'மொத்தம்' என்றால் கூட்டு, 'மிச்சம்' என்றால் கழி என்று பிள்ளைகள் பழகிவிடுகிறார்கள்.

இது நம் ஊரின் குறை மட்டுமல்ல. 1980 அளவில் பிரான்ஸின் கிரெனோபிள் நகரில் ஆரம்ப வகுப்புப் பிள்ளைகள் 97 பேரிடம் ஒரு கணக்குக் கொடுத்தார்கள். கப்பலில் 26 செம்மறிகளும் 10 ஆடுகளும் உள்ளன. கப்பல் தலைவனின் வயது என்ன? 76 பேர் அந்த எண்களை வைத்தே ஒரு வயதைச் சொன்னார்கள். கணக்குச் செய்யத் தெரிந்த பிள்ளைகள்தான். கேள்வியை விளங்கிக்கொள்ள நின்று பார்க்கவில்லை.

இதற்கு நான் கண்ட மருந்து, பாடம் தொடங்குமுன் தினமும் பத்து நிமிஷம். கரும்பலகையில் ஒரேயொரு கணக்கு. புள்ளி இல்லை, போட்டி இல்லை. முதல் இரண்டு நிமிஷம் யாரும் பேசக் கூடாது. பிறகு பக்கத்துப் பிள்ளையோடு பேசலாம். கடைசியில் இரண்டு மூன்று பேர் முன்னுக்கு வந்து, செய்த விதத்தைச் சொல்ல வேண்டும்.

கணக்குகளை மூன்று விதமாகத் தெரிவு செய்கிறேன்.

முதலாவது, தகவல் குறைந்த கணக்கு. "கடையில் நாலு கொப்பி வாங்கி 1,000 ரூபா கொடுத்தேன். மிச்சம் எவ்வளவு?" ஆரம்பத்தில் பலர் 996 என்பார்கள். ஒரு பிள்ளை, "கொப்பி என்ன விலை டீச்சர்?" என்று கேட்டால், அன்றைய பாடம் முடிந்தது.

இரண்டாவது, படம் கீறினால் விளங்கும் கணக்கு. வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொள்ளுப்பிட்டி, கொம்பனித்தெரு, செயலகம், கோட்டை என ஆறு ரயில் நிலையங்கள். ஒன்றிலிருந்து அடுத்ததற்கு மூன்று நிமிஷம் என்று வைப்போம். தரிக்கும் நேரத்தை விட்டுவிட்டால், முழுப் பயணமும் எத்தனை நிமிஷம்? "பதினெட்டு!" என்று சத்தம் எழும்பும். ஆறு புள்ளிகளை வைத்துக் கோடு இழுத்த பிள்ளைக்குத்தான் இடைவெளி ஐந்து என்று தெரியும். விடை 15.

மூன்றாவது, பல வழியுள்ள கணக்கு. 60,000 ரூபாவுக்கு ஸகாத், அதாவது நாற்பதில் ஒரு பங்கு, எவ்வளவு? ஒரு பிள்ளை பத்தால் வகுத்து 6,000 எடுத்து, அதில் பாதி 3,000, அதிலும் பாதி 1,500 என்கிறது. இன்னொன்று, 40,000க்கு 1,000, மிச்சம் 20,000க்கு 500 என்று கூட்டிவிடுகிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, எது லேசு என்று கேட்கிறேன். வாழ்க்கைத் தேவையிலிருந்து கணிதம் வளர்வது நமக்குப் புதிதல்ல. ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் அல்-குவாரிஸ்மி எழுதிய அல்ஜிப்ரா நூலின் பெரும்பகுதி வாரிசுப் பங்கீட்டுக் கணக்குகள்தான்.

ஜோர்ஜ் போல்யா 1945இல் வெளியிட்ட நூலில் கணக்குத் தீர்ப்பதற்கு நான்கு படிகள் சொன்னார்: விளங்கு, திட்டமிடு, செய், திரும்பிப் பார். மாதிரி வினாத்தாள்களை அடுக்கடுக்காய்ச் செய்யும்போது மூன்றாவது படி மட்டுமே மிஞ்சுகிறது. அந்தப் பத்து நிமிஷம் மற்ற மூன்றுக்கும் இடம் கொடுக்கிறது.

ஒன்றில் கவனம் வேண்டும். பிழையான விடை சொன்ன பிள்ளையைச் சிரிக்கவிட்டால், அடுத்த நாள் அது வாய் திறக்காது. "என்னண்டு செஞ்சீங்க, சொல்லுங்க பாப்பம்" என்று சரியான விடைக்கும் பிழையான விடைக்கும் ஒரே குரலில் கேட்க வேண்டும்.

உம்மா, வாப்பாமாரும் இதைச் செய்யலாம். பஸ்ஸில் மிச்சக் காசு வாங்கும்போது, பாணைப் பங்கு வைக்கும்போது ஒரு கணக்குப் போடுங்கள். பிள்ளை யோசிக்கட்டும். விடையை நீங்கள் முந்திச் சொல்லாமல் இருந்தால் போதும்.