காருக்கும் வயிற்று வலி!

திருநாவுக்கரசரின் சூலை நோய் தீர்ந்த தலம், பண்ருட்டி அருகே உள்ள திருவதிகை என்று பெரியபுராணம் சொல்கிறது. வயிற்று நோய் மனிதருக்கு மட்டும்தானா? பழைய காருக்கும் உண்டு!

அம்பாசிடர் கார் உற்பத்தி 2014-ல் நின்றுவிட்டது. ஆனாலும் பழைய கார்கள் இன்னும் ஓடுகின்றன. சில கார்கள், நின்ற இடத்தில் எண்ணெய் சொட்டும். "என்ஜின் போய்விட்டதே!" என்று சொந்தக்காரர் பதறுவார். பொறுங்கள்!

மூச்சுக்குழாய்

என்ஜினுக்குள் எரியும் வாயுவில் கொஞ்சம், பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டி அடிவயிற்றில் இறங்கும். அது வெளியேற ஒரு மூச்சுக்குழாய் உண்டு. மெக்கானிக்குகள் அதை 'பிரீதர்' என்பார்கள். அதில் பிசுக்கும் தூசியும் அடைத்துக்கொண்டால்? வாயு உள்ளேயே முட்டும். 'ஆயில் சீல்' வழியே எண்ணெயை வெளியே தள்ளும்.

என்ன செய்யலாம்?

என்ஜினை நிறுத்தி, ஆறவிடுங்கள். இரும்புக் குழாயைக் கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவி, உலர்த்தி மாட்டுங்கள். ரப்பர் குழாய் வெடித்திருந்தால், மாற்றிவிடுங்கள்.

பிறகு என்ஜினை மெதுவாக ஓடவிட்டு, எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள். லேசாகப் புகை வந்தால் பயமில்லை. குபுகுபுவென்று வந்தால், ரிங்குகள் தேய்ந்திருக்கலாம். செலவு பெரிதுதான்!

ஆகவே, முதலில் குழாயைப் பாருங்கள். என்ஜினைப் பிரிப்பது பிறகு இருக்கட்டும்!