சைக்கிள் சீட்டும் பிள்ளையின் முழங்காலும்

 

பின்னேர ஓதல் வகுப்புக்கு ஒரு பெண்பிள்ளை அடிக்கடி பிந்தி வந்தாள். கேட்டால், "முழங்கால் நோகுது ஹஸரத்" என்பாள். 12 வயதில் முழங்கால் வலியா, ஓதாமல் தப்பச் சொல்லும் சாட்டு என்று நானும் இரண்டு தடவை அதட்டிவிட்டேன். வீட்டில் உம்மா தைலம் தேய்த்திருக்கிறார். ஒருநாள் அவள் சைக்கிளில் போவதைப் பார்த்தபோதுதான் விளங்கியது. மிதிக்க மிதிக்க முழங்கால் வயிற்றுக்கு மேலே எழும்பி இறங்கியது! மூன்று வருடத்துக்கு முன் வாங்கியபோது வைத்த சீட். பிள்ளை வளர்ந்துவிட்டாள், சீட் அப்படியே இருந்தது.

உம்மாவைக் குறை சொல்ல முடியாது. இரண்டு காலும் நிலத்தில் ஊன்றினால் விழமாட்டாள் என்பது நம் வீடுகளின் கணக்கு. ஓடப் பழகும் பிள்ளைக்கு அது சரிதான். பழகிய பின்னும் அப்படியே விட்டால், மடங்கிய காலாலேயே பலம் கொடுத்து மிதிக்க வேண்டும். முழங்கால் சில்லைச் சுற்றி வலி வருவது அதனால்தான்.

வாப்பா கடையால் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். ஒரு ஸ்பேனர் போதும். பிள்ளையைச் சுவரோரம் சைக்கிளில் இருத்தி, ஒரு பெடலைக் கீழே இறக்கி, அதில் குதிகாலை வைக்கச் சொல்லுங்கள். கால் அப்போது நேராக நிற்க வேண்டும். ஓடும்போது முன்பாதத்தால் மிதிப்பாள். முழங்கால் சற்றே மடங்கும். அதுவே அளவு. இடுப்பு இரு பக்கமும் ஆடினால் சீட் கூடிவிட்டது என்று அர்த்தம். பயந்த பிள்ளைக்குக் கிழமைக்கு ஒரு விரற்கிடையாக உயர்த்துங்கள். நிறுத்தும்போது சீட்டிலிருந்து முன்னே இறங்கிக் கால் ஊன்றவும் பழக்குங்கள்.

சீட் குழாயில் ஓர் எல்லைக்கோடு இருக்கும். அது வெளியே தெரியக்கூடாது. தெரியும்வரை உயர்த்த வேண்டியிருந்தால் பிள்ளைக்கு அந்தச் சைக்கிள் சிறிது.

இன்னொன்று. சீட்டின்மேல் ஒரு நீளப் பலகையை வையுங்கள். அது நிலத்துக்குச் சமமாக நிற்க வேண்டும். முன்மூக்கு தாழ்ந்திருந்தால் உடற்பாரம் கையில் விழுந்து மணிக்கட்டு நோகும். உயர்ந்திருந்தால் மறைவிடத்தில் அழுத்தும். பெண்பிள்ளைகள் வெட்கத்தால் இதை வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். "சைக்கிள் வேணாம்" என்று மட்டும் சொல்வார்கள். உம்மாமார்தான் பக்குவமாகக் கேட்க வேண்டும்.

பகலெல்லாம் நோன்பும் இரவெல்லாம் தொழுகையுமாக இருந்த அப்துல்லாஹ் இப்னு அம்ரு (ரலி) அவர்களுக்கு, உடலுக்கும் உரிமை உண்டு என்று நபி (ஸல்) அவர்கள் உணர்த்தியதை புகாரியில் காண்கிறோம். அதைப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கும் நானே அன்று அதட்டினேன். அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். சீட்டை மூன்று விரற்கிடை உயர்த்தினோம். இரண்டு கிழமையில் வலி போய்விட்டது, அல்ஹம்துலில்லாஹ். சீட்டைச் சரிசெய்தும் வலி நின்றால், அல்லது முழங்கால் வீங்கினால், தைலத்தோடு விடாமல் டொக்டரிடம் காட்டுங்கள்.

நட்டை இறுக்கியதும் சீட்டை இரு கையாலும் பிடித்துத் திருகிப் பாருங்கள். அசைந்தால் இன்னும் இறுக்க வேண்டும். ஒவ்வொரு பாடசாலை விடுமுறையிலும் உயரத்தை மறுபடி அளந்துகொள்ளுங்கள்.