1,039 மணி நேர உத்தியோகம்

புதைபொருள் ஆராய்ச்சி என்ற சொல்லைக் கேட்டவுடன் நம்மவர் மனத்தில் எழும் சித்திரம் ஒன்றுண்டு. பாழடைந்த கல்லறை; அதன் வாயிலில் விளக்கைத் தூக்கிப் பிடித்து நிற்கும் ஒரு துரை; உள்ளே பொன்னும் மணியும். சினிமாவும் பத்திரிகைகளும் இந்தச் சித்திரத்தை ஓயாமல் தீட்டி வந்திருக்கின்றன. எம் போன்றோருக்கு அதில் பங்கில்லையென்று சொல்வதற்கில்லை. ஆனால் அமெரிக்க ஐக்கிய நாட்டில், பொது ஜனங்களுக்குச் சொந்தமான பூங்காக்களிலும் வனங்களிலும் நடைபெறும் புதைபொருள் வேலையின் பெரும் பகுதி பொன்னைத் தேடும் வேலையன்று. ஓரிடத்தில் ஒன்றும் இல்லையென்று நிச்சயப்படுத்திக் கொள்ளும் வேலையே அது. அந்த நிச்சயத்தை உண்டாக்குகிறவர் யாரென்று கேட்டால், உத்தியோகப் படிக்கட்டில் ஏறக்குறைய அடியில் நிற்கும் ஒரு தற்காலிகச் சிப்பந்தி. அவரைப் பற்றியே இன்று எழுதப் புகுந்தோம்.

அந்நாட்டுத் தேசியப் பூங்கா இலாகா 1916ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது. இன்று 400க்கு மேற்பட்ட பூங்காக்களும் நினைவிடங்களும் அதன் பொறுப்பில் உள்ளன. நிலப்பரப்பு 8 கோடி ஏக்கருக்கு மேல். இவ்வளவு நிலத்தின் அடியிலும் பல்லாயிரம் ஆண்டுகளாக அங்கு வாழ்ந்த பூர்வகுடிகளின் அடுப்புச் சாம்பலும், கல்லாயுதச் சில்லும், பானை ஓடும், எலும்பும் கிடக்கின்றன. 1906ஆம் ஆண்டுப் புராதனப் பொருள் சட்டம் அவற்றைத் திருடுவதைக் குற்றமாக்கிற்று. 1966ஆம் ஆண்டுச் சரித்திரச் சின்னங்கள் பாதுகாப்புச் சட்டத்தின் 106ஆவது பிரிவு இன்னும் ஒரு படி சென்று சர்க்காரின் கையையே பிடித்தது. சர்க்கார் தன் நிலத்தில் ஒரு நடைபாதை போட்டாலும், கழிப்பறை கட்டினாலும், தண்ணீர்க் குழாய் பதித்தாலும், அதனால் சரித்திரச் சின்னங்களுக்கு என்ன நேரும் என்பதை முதலில் ஆராய வேண்டும். கட்டாதே என்று அச்சட்டம் சொல்லவில்லை. பார்த்துவிட்டுக் கட்டு என்கிறது. பார்க்கும் கண் யாருடையது என்பதில்தான் விஷயமெல்லாம் அடங்கியிருக்கிறது.

‘ஆர்க்கியாலஜிகல் டெக்னீஷியன்’ என்று அவ்வுத்தியோகத்திற்குப் பெயர். சர்க்கார் உத்தியோகங்களின் பதினைந்து படிகளில் நாலாவது அல்லது ஐந்தாவது படியிலே புதிதாய் வருபவர் அமர்த்தப்படுவது வழக்கம். ஐந்தாவது படிக்குக் கலாசாலைப் பட்டமோ, அதற்கீடான அனுபவமோ வேண்டும். களத்தில் தோண்டிப் பழகியவர்களையே விரும்பி எடுக்கிறார்கள். அந்தப் பழக்கத்தை அளிக்கும் களப் பள்ளிக்கும் பெரும்பாலும் மாணவர்தாம் கட்டணம் செலுத்த வேண்டும். கடன் வாங்கிப் படித்து, கட்டணம் கட்டிக் குழி தோண்டக் கற்று, பிறகு கூலிக்குக் குழி தோண்ட வருகிறார்கள் என்று சொன்னால் மிகையாகாது.

அவருடைய ஒரு நாளைச் சற்று நினைத்துப் பார்ப்போம். காலையில் மண்வாரி, சல்லடை, கொத்தனார் கையாளும் கரணை, அளவு நாடா, திசைகாட்டி, காகிதக் கட்டு, குடிதண்ணீர் இவற்றைச் சுமந்துகொண்டு காட்டுக்குள் நடக்க வேண்டும். வரிசையாய் நின்று, இடைவெளி பிசகாமல், முள்ளென்றும் சேறென்றும் பாராமல் நேர்கோட்டில் செல்ல வேண்டும். இருபது அல்லது முப்பது மீட்டருக்கு ஒரு குழி. குழியின் வாய் ஒரு முழத்துக்கும் குறைவு; ஆழம், மனிதன் கைபடாத அடிமண் தட்டும் வரையில். வெளிவரும் மண்ணையெல்லாம் கால் அங்குலக் கண்ணுள்ள சல்லடையிலிட்டு அலைக்க வேண்டும். ஒவ்வோர் அடுக்கின் நிறத்தையும் மன்ஸெல் என்பாரின் வர்ணப் புத்தகத்தோடு ஒட்டிப் பார்த்து எண்ணிட வேண்டும். ‘பழுப்பு’ என்று பொதுவாக எழுதினால் ஏற்கமாட்டார்கள். எல்லாம் எழுதி முடித்தபின் குழியை மூடி, பெயர்த்த புல்லை மேலே பதித்துவிட்டு அடுத்த குழிக்குப் போக வேண்டும். பூங்காவுக்கு உல்லாசமாய் வரும் குடும்பத்தார் அங்கே ஒருவர் தோண்டியதையே அறியக்கூடாது. கிழக்குப் பிரதேசத்துக் காடுகளிலே தொட்டால் கொப்புளம் எழுப்பும் நச்சுக்கொடியும், நோய் பரப்பும் உண்ணியும் ஏராளம். தென்மேற்குப் பாலையிலோ வெயிலும் பாம்பும்.

பத்துக் குழிகளில் ஒன்பதில் ஒன்றும் அகப்படாத நாட்கள் பலவுண்டு. ஒன்றும் அகப்படாத குழிக்கும் ஒரு தாள் நிரப்ப வேண்டும். தேதி, எண், ஆழம், மண்ணின் நிறம், கையெழுத்து. இங்கேதான் வாசகர்கள் சற்று நிற்க வேண்டுமென்று கேட்டுக் கொள்கிறோம். பானை ஓடு அகப்பட்டால் அதைப் பலர் பார்ப்பார்கள்; பிழையிருந்தால் திருத்துவார்கள். ‘ஒன்றுமில்லை’ என்று எழுதப்பட்ட தாளை யாரும் மறுபடி தோண்டிச் சரிபார்ப்பதில்லை. மாலை நான்கு மணிக்கு, தோள் ஓய்ந்து, தண்ணீர் தீர்ந்து போனபின், அடிமண்ணைத் தொடாமலே ஒருவர் ‘ஒன்றுமில்லை’ என்று எழுதிவிடுவாரானால், அடுத்த மாதம் அந்த இடத்தில் யந்திரம் இறங்கும். கீழே ஓர் ஊரே இருந்தாலும் அதன் கதை அன்றோடு முடிந்தது. அதிகாரியின் கையெழுத்தும், நிபுணரின் அறிக்கையும், சட்டத்தின் பிரிவும் அந்தத் தாளின் மேலேதான் நிற்கின்றன. நாணயத்தை மட்டுமே சாட்சியாகக் கொண்ட வேலை இதைப் போல் வேறு எத்தனை உண்டு?

அகப்பட்ட பொருளைப் பற்றியும் அவர் பெருமை பேசிக்கொள்ள இயலாது. 1979ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டப்படி, புதைபொருள் உள்ள இடங்களின் விவரங்களைப் பொது ஜனங்களுக்கு வெளியிடாமல் காக்கலாம். தெரிந்தால் திருடர் மண்வாரியோடு வந்து விடுவார்கள் என்பதே காரணம். மனித எலும்பு தென்பட்டாலோ கை அந்த க்ஷணமே நிற்க வேண்டும். 1990ஆம் ஆண்டுச் சட்டம் அவ்வெலும்பை மியூசியத்தின் உடைமையாகக் கருதவில்லை. சந்ததியாருக்கும் பூர்வகுடிச் சமூகத்துக்கும் அதில் உள்ள உரிமையை ஒப்புக்கொள்கிறது.

இந்த ஒப்புதல் வருவதற்கு எத்தனை காலம் சென்றது என்பதை அறிய, ஜார்ஜியா மாகாணத்தில் மேக்கன் நகரை அடுத்த ஒக்மல்கி மேடுகளுக்குப் போக வேண்டும். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அங்கே வாழ்ந்த மக்கள் கூடை கூடையாக மண் சுமந்து 55 அடி உயரமுள்ள கோயில் மேட்டை எழுப்பினார்கள். அவர்களைத் தம் முன்னோராகக் கொண்டாடும் மஸ்கோகி மக்கள் 1830களில் துப்பாக்கி முனையில் மேற்கே விரட்டப்பட்டார்கள். பிறகு வந்த ரயில் கம்பெனியார் இருப்புப்பாதைக்காக அம்மேடுகளையே இரண்டு முறை வெட்டினார்கள்.

1933ஆம் ஆண்டு டிஸம்பரில், நாடெங்கும் வேலையில்லாத் திண்டாட்டம் தலைவிரித்தாடிய சமயத்தில், ஆர்தர் கெல்லி என்ற அறிஞரின் தலைமையில் அங்கே தோண்டத் தொடங்கினர். அமெரிக்க சர்க்காரின் நிவாரணத் திட்டங்களின் கீழ் 800 பேர் வரை அவ்விடத்தில் வேலை செய்தார்கள். அவர்களுள் புதைபொருள் சாஸ்திரம் படித்தவர் விரல் விட்டு எண்ணத்தக்கவர். எனினும் அந்தக் கைகளே 25 லட்சத்துக்கு மேற்பட்ட பொருள்களை வெளிக்கொணர்ந்தன. மண்ணால் மூடிய ஒரு சபா மண்டபத்தின் களிமண் தரையையும் அவர்கள் கண்டார்கள். பறவை வடிவான மேடையில் மூன்று ஆசனங்கள்; சுவரோரமாய் 47 ஆசனங்கள். ஆயிரம் ஆண்டாய் மண்ணில் கிடந்த களிமண் ஆசனத்தைக் களிமண்ணென்று தள்ளிவிடாமல் ஆசனமென்று கண்டுகொள்வதற்குக் கரணை பிடித்த கையில் எவ்வளவு நிதானம் இருந்திருக்க வேண்டும்! அதே மாகாணத்தில் ஸவான்னா நகரருகே உள்ள ஐரீன் மேட்டில் 1930களின் இறுதியில் நீக்ரோ வகுப்பினர் என்று அப்போது ஒதுக்கப்பட்ட கறுப்பினப் பெண்களே பெரும் எண்ணிக்கையில் தோண்டினார்கள். அக்காலப் புகைப்படங்களில், கையில் கரணையோடு அவர்களை இன்றும் காணலாம்.

ஒக்மல்கியின் சவ அடக்க மேட்டைப் பற்றிய முழு அறிக்கை 1956ஆம் ஆண்டில்தான் வெளியாயிற்று. தோண்டியவர்களில் பலர் அதற்குள் வேறு ஊர், வேறு தொழில் என்று சிதறிவிட்டனர். மண் முன்பிருந்த இடத்தில் இல்லை. எஞ்சியிருந்தவை அவர்கள் எழுதி வைத்த குறிப்பும், வரைந்த படமும், பையில் கட்டிய சீட்டுமே. தோண்டுவது என்பதே அழிப்பதுதான். ஒரே புத்தகத்தை ஒரே முறை படித்து, படிக்கப் படிக்க ஏட்டைக் கொளுத்துவது போன்றது. குறிப்பு சரியாயிராவிட்டால் பொருளும் போயிற்று, இடமும் போயிற்று.

இத்தகைய வேலைக்கு ஆள் அமர்த்தும் முறைதான் என்ன? பருவகாலச் சிப்பந்தியை ஓர் ஆண்டில் 1,039 மணி நேரத்துக்கு மேல் வைத்துக்கொள்ளக் கூடாது என்பது பொது விதி. ஓராண்டின் முழு வேலை நேரம் அந்நாட்டு சர்க்கார் கணக்கில் 2,080 மணி. அதில் பாதி 1,040. பாதிக்கும் ஒரு மணி குறைவாக வெட்டி நிறுத்தியவரின் கணக்குத் திறமையை நாம் மெச்சாமலிருக்க முடியவில்லை. இந்தத் தற்காலிக வேலைக்கு ஓய்வூதிய உரிமை கிடையாது. ஆண்டுக்காண்டு நிரந்தரச் சிப்பந்திக்கு ஏறும் சம்பளப் படியும் இல்லை. இலையுதிர் காலத்தில் கணக்கு முடிந்ததும் அவர் தம் மூட்டையைக் கட்டிக்கொண்டு புறப்பட வேண்டும். அடுத்த வசந்தத்தில் வேறொரு பூங்கா, வேறொரு மண்.

பருவகால வேலைக்குத் தற்காலிக ஆட்கள்தானே தேவை, பனி மூடிய மாதங்களில் எதைத் தோண்டுவது என்று சிலர் கேட்கக்கூடும். கேள்வி நியாயமே. ஆனால் தோண்டும் வேலை நின்றாலும், கழுவி, வகைப்படுத்தி, எண்ணிட்டு, எழுத வேண்டிய வேலை குவிந்து கிடக்கிறதே! நிரந்தரச் சிப்பந்தியாகவே வைத்து, வேலையற்ற சில மாதங்களுக்கு மட்டும் விடுப்பளித்து மீண்டும் அழைக்கும் முறையும் அதே இலாகாவில் உண்டு. வழி தெரியாமலில்லை.

2015ஆம் ஆண்டில் அமெரிக்கக் காங்கிரஸ் சபை ஒரு சட்டம் இயற்றிற்று. இத்தகைய தற்காலிகச் சிப்பந்தி மொத்தம் 24 மாதங்களுக்கு மேல் திருப்தியாகப் பணி செய்திருந்தால், உள்ளிருப்போருக்கென்று வைத்த நிரந்தர வேலைகளுக்கு அவரும் போட்டியிடலாம் என்பது அதன் சாரம். ஆண்டுக்கு ஆறு மாதமும் நிரம்பாத வேலையில் 24 மாதம் சேர்க்க நான்கு வருஷத்துக்கு மேலாகும். சேர்த்தபின் கிடைப்பதும் வேலையன்று; விண்ணப்பிக்கும் உரிமை. அதையும் நாம் சிறுமைப்படுத்தவில்லை. இல்லாதிருந்த கதவு ஒன்று உண்டாயிற்று.

ஆனால் கதவிருந்தும் வீடு ஆடினால் என் செய்வது? 2025ஆம் ஆண்டின் தொடக்கத்தில் புதிய நிர்வாகம் ஆள் சேர்ப்பதை நிறுத்தியபோது, பூங்காக்களின் பருவகால வேலைக்கு உத்தரவு பெற்றிருந்தவர்களுக்கு அது ரத்தாயிற்று என்று கடிதம் வந்தது. கண்டனம் எழுந்தபின் பருவகாலச் சிப்பந்திகளுக்கு விலக்கு அளித்தனர். இடையில், பிப்ரவரி மாதத்தில், புதிதாய் நிரந்தரமாக்கப்பட்டுச் சோதனைக் காலத்திலிருந்த சுமார் 1,000 பூங்காச் சிப்பந்திகள் ஒரே நாளில் நீக்கப்பட்டனர். நியாயஸ்தலங்கள் குறுக்கிட வேண்டியதாயிற்று. பல பருவங்கள் காத்திருந்து நிரந்தரமானவர்களே முதலில் வெட்டுக்கு இலக்காயினர் என்பது கவனிக்கத்தக்கது.

ஒக்மல்கியில் விஷயம் வேறு திக்கிலும் நகர்ந்துள்ளது. 2019ஆம் ஆண்டில் அவ்விடம் தேசியச் சரித்திரப் பூங்காவாக உயர்த்தப்பட்டு, சுமார் 700 ஏக்கராயிருந்த எல்லையை நான்கு மடங்கு வரை விரிக்க அனுமதி கிடைத்தது. மஸ்கோகி மக்கள் ஒக்லஹோமாவிலிருந்து தம் பூர்வீக மேடுகளைக் காண வந்து போகிறார்கள். விரியும் ஒவ்வோர் ஏக்கரிலும் பாதை போடுமுன், பலகை நடுமுன், வரிசையாய்க் குழிகள் தோண்டப்பட வேண்டும். அவற்றுள் எத்தனை குழிகளில் ‘ஒன்றுமில்லை’ என்று எழுதப்படுமோ, அத்தனை இடங்களிலும் அந்த மக்கள் தங்கள் முன்னோரைப் பற்றி ஓர் அந்நியரின் கையெழுத்தை நம்பியாக வேண்டும். அந்தக் கையெழுத்துக்காரர் 1,039ஆவது மணியில் சல்லடையைக் கொட்டகையில் சாய்த்து வைத்துவிட்டு, குறிப்புப் புத்தகத்தை ஒப்படைத்து, ரசீது வாங்கிக்கொண்டு போயிருப்பார்.